பாபோலிங்க்: துப்பாக்கிக்குத் தப்பிய பறவை, நாள்காட்டியிடம் மாட்டிய கதை

ஒரே பறவை. வடக்கே போனா கவிஞர்கள் அதைப் பத்தி பாட்டு எழுதினாங்க. தெற்கே போனா விவசாயிங்க துப்பாக்கியைத் தூக்கினாங்க. ரெண்டு பக்கமும் பேசுறது ஒரே பறவையைப் பத்தித்தான்னு சாமானிய ஜனங்கள்ல பல பேருக்குத் தெரியவும் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவுல நடந்த கூத்து இது.

பறவையோட பேரு பாபோலிங்க். சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிசு. புல்வெளியில மட்டுமே வாழும், தரையிலதான் கூடு கட்டும். வசந்த காலத்து ஆண் பறவையைப் பார்த்தா, சட்டையைத் தலைகீழா மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கும். பொதுவா பறவைகளுக்கு முதுகு கருப்பா, வயிறு வெளுப்பா இருக்கும். இதுக்கு வயிறெல்லாம் கருப்பு, முதுகுப் பக்கம் வெள்ளை, பிடரியில மட்டும் வைக்கோல் நிறத்துல ஒரு தொப்பி. பாட்டும் அப்படித்தான். அந்தக் காலத்து மோடம் இணையத்தோட இணையறப்ப ஒரு சத்தம் போடுமே, அதைக் கொஞ்சம் இனிமையா, நாலு மடங்கு வேகத்துல ஓட்டினா எப்படி இருக்கும், அப்படி :-) புல்வெளிக்கு மேல தாழப் பறந்துகிட்டே பாடும்.

நான் சொல்ல வந்தது இதோட அழகைப் பத்தி இல்லை. இதை ஒரு காலத்துல லட்சக்கணக்குல சுட்டாங்க. அதுல தப்பிச்சிருச்சு. அதுக்கப்புறம் யாரும் இதைக் கொல்லணும்னு நினைக்காத ஒரு காலத்துல, கொஞ்சம் கொஞ்சமா அழிய ஆரம்பிச்சுது. அது எப்படிங்கறதுதான் இந்தப் பதிவு.

ஒரு பறவை, நாலு பேரு

பாபோலிங்க் வருஷத்துக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் பறக்குது. மே மாசம் அமெரிக்காவோட வடபகுதிக்கும் கனடாவோட தென்பகுதிக்கும் வந்து குஞ்சு பொரிக்கும். கோடை முடிஞ்சதும் கிளம்பி பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா பக்கம் போயிடும். போறதுக்கு முன்னாடி ஆண் பறவை அந்தக் கருப்பு வெள்ளைச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, பெண்ணை மாதிரியே பழுப்பு நிறத்துக்கு மாறிடும். பாட்டும் நின்னுடும். அதனால வடக்குல பார்த்த பறவையும் தெற்குல பார்த்த பறவையும் வேற வேறன்னு ஜனங்க நினைச்சதுல ஆச்சரியம் இல்லை.

வடக்குல பேரு பாபோலிங்க். பென்சில்வேனியா பக்கத்துச் சதுப்பு நிலத்துல நாணல் பறவை. கரோலினாவுல நெல் பறவை. ஜமைக்காவுல, கொழுத்துப் போய் வந்து இறங்கறதால, வெண்ணெய்ப் பறவை. கடைசி மூணு இடத்துலயும் இது சாப்பாட்டுத் தட்டுக்கு வர்ற பறவை. ரிப் வான் விங்கிள் கதையை எழுதின வாஷிங்டன் இர்விங் இதை வெச்சு ஒரு நீதிக்கதையே எழுதியிருக்கார். வசந்தத்துல பாடகனா இருந்தவன், தெற்கே போகப் போகத் தின்னிப்பண்டாரமா மாறி, கடைசியில தின்னே கெட்டான்னு. மாசசூசெட்ஸ்ல ஆம்ஹெர்ஸ்ட் ஊர்ல இருந்த எமிலி டிக்கின்ஸனுக்கோ இது கவிதைக்குள்ள திரும்பத் திரும்ப வர்ற செல்லப் பறவை.

1758ல லின்னேயஸ் அறிவியல் பேரு வெச்சப்ப தெற்கத்திக்காரங்க பக்கம்தான் நின்னார். 'ஒரைசிவோரஸ்'னு அவர் வெச்ச அடைமொழிக்கு 'நெல் தின்னி'ன்னு அர்த்தம்.

நெல்லுக்கு வந்த எமன்

கரோலினாவுல நெல் சாகுபடி அடிமைகளோட உழைப்புல நடந்தது. ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வரப்பட்டவங்க சதுப்பு நிலத்தை வெட்டி, கரை கட்டி, வாய்க்கால் போட்டு, அந்தக் கடலோரத்தையே நெல் வயலா மாத்தினாங்க. நெல்லுல பால் பிடிக்கிற சமயம் பார்த்து பாபோலிங்க் கூட்டம் வந்து இறங்கும். மார்க் கேட்ஸ்பிங்கற இயற்கை ஆய்வாளர் ஒரு கணக்கு எழுதி வெச்சிருக்கார். 1724ல ஆஷ்லி ஆத்துப் பக்கத்துல ஒருத்தரோட 40 ஏக்கர் நெல்லை இந்தப் பறவைங்க தின்ன தீனியில, மிச்சம் இருக்கறதை அறுக்கிற கூலிக்காவது தேறுமான்னு அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சாம்.

அடுத்த வருஷம், 1725 செப்டம்பர்ல, கேட்ஸ்பி பஹாமாஸ்ல ஆண்ட்ரோஸ் தீவுப் பக்கம் ஒரு படகோட மேல்தளத்துல படுத்திருக்கார். மூணு ராத்திரி தொடர்ந்து இந்தப் பறவைகளோட குரல் தலைக்கு மேல போறது கேட்குது. கியூபாவுல நெல்லைத் தின்னு முடிச்சுட்டு கரோலினா நெல்லுக்காக வடக்கே பறக்குதுங்கன்னு முடிவு கட்டிட்டார். செப்டம்பர்ல இதுங்க போற திசை உண்மையில தெற்கு. ஆனா பறவைங்க ராத்திரியில கடலைத் தாண்டி வலசை போகுதுங்கற விஷயத்தை 300 வருஷத்துக்கு முன்னாடி, வெறும் காதை வெச்சே பிடிச்சார் பாருங்க. திசை தப்பு, விஷயம் சரி.

கரோலினா நிலச்சுவான்தார்கள் பறவைக்குப் பயந்து விதைப்பு நாளையே மாத்தி அமைச்சாங்க. மே மாசம் வடக்கே போற வழியில முளைப் பயிரைப் பிடுங்கும், ஆகஸ்ட், செப்டம்பர்ல திரும்பி வர்றப்ப பால் கதிரைத் தின்னும். அதனால மே மாசத்துக்கு முன்னாடியே விதைச்சுடணும், இல்லேன்னா அது போன பிறகு விதைக்கணும். பறவை விரட்டற வேலை அடிமைகள் தலையில விழுந்துச்சு. சின்னப் பசங்களும் இதுல உண்டு. காலையில இருந்து இருட்டற வரைக்கும் கத்திக்கிட்டே, தட்டி ஓசை எழுப்பிக்கிட்டே வயலைச் சுத்தி வரணும். இன்னொரு பக்கம் துப்பாக்கிச் சூடு. செத்த பறவைங்க டஜன் கணக்குல கட்டப்பட்டு வடக்கத்தி நகரங்களோட ஓட்டல்களுக்குப் போச்சு. 1900கள் தொடங்கின பிறகும் இந்த வியாபாரம் லட்சக்கணக்குல நடந்தது.

இதுக்கு முடிவு ரெண்டு வழியா வந்துச்சு. ஒண்ணு, கரோலினா நெல்லே படுத்துடுச்சு. அடிமை முறை ஒழிஞ்ச பிறகு அந்தச் சேத்துல இறங்கி உழைக்க ஆள் இல்லை. 1893லயும் 1911லயும் அடிச்ச புயல்கள் கரைகளை உடைச்சுது. லூசியானா, டெக்சாஸ், ஆர்கன்சாஸ் பக்கம் இயந்திரத்தை வெச்சு மலிவா நெல் விளைய ஆரம்பிச்சுது. ரெண்டாவது, சட்டம். கனடாவுக்காக பிரிட்டனோட 1916ல அமெரிக்கா வலசைப் பறவைகள் ஒப்பந்தம் போட்டது. அதை அமல்படுத்த 1918ல சட்டம் வந்தது. வேடிக்கை என்னன்னா, 'நெல் தின்னி'ன்னு லின்னேயஸ் பேரு வெச்ச பறவையை அந்த ஒப்பந்தம் 'பூச்சி தின்னும் பறவைகள்' பட்டியல்ல சேர்த்துச்சு. அதுவும் பொய் இல்லை. குஞ்சுகளுக்குப் புழுவும் வெட்டுக்கிளியும்தான் ஊட்டும்.

துப்பாக்கி விஷயம் அதோட தீர்ந்தது. குத்தவாளி கையில துப்பாக்கி இருந்தா அதைப் பிடுங்கிடலாம். சட்டத்துக்கு அது சுலபமான வேலை.

கூடு கட்டற கணக்கு

இப்ப வடக்கே போவோம். அடுத்த ஆபத்து குஞ்சு பொரிக்கிற இடத்துல இருந்து வந்தது. அது புரியணும்னா கூட்டோட கால அட்டவணை தெரியணும்.

வெர்மான்ட் மாதிரி மாநிலத்துல ஆண் பறவைங்க மே முதல் பாதியில வந்து இடம் பிடிக்கும். பெண்கள் சில நாள் கழிச்சு வரும். பெண் பறவை தரையில சின்னதா ஒரு குழி பறிச்சு, புல்லால கிண்ணம் மாதிரி பின்னும். மேல இருந்து பார்த்தா தெரியாதபடி, குளோவர் மாதிரி இலை அடர்ந்த செடியோட அடியில. கூட்டு மேலயே நேரா வந்து இறங்காது. தள்ளி இறங்கி, புல்லுக்குள்ளயே நடந்து போகும். முட்டை அஞ்சு, ஆறு. அடை காக்கறது சுமார் 12 நாள். பொரிச்ச குஞ்சு பத்து, பதினொரு நாள்ல கூட்டை விட்டு வெளியே வந்துடும். ஆனா பறக்க வராது. இன்னும் ஒண்ணு ரெண்டு வாரம் புல்லுக்குள்ளயே ஒளிஞ்சுதான் வளரணும்.

கூட்டிப் பாருங்க. மே கடைசியில முட்டை, ஜூன் முதல் பாதியில குஞ்சு, ஜூன் கடைசியில கூட்டை விட்டு வெளியே, ஜூலை ஆரம்பத்துல பறக்கத் தெரியும். பொதுவா வருஷத்துக்கு ஒரே ஈடுதான். நம்ம மென்பொருள் பாஷையில சொன்னா, வெளியீட்டுத் தேதி ஜூலை முதல் வாரம், நடுவுல ஒரு வாரம்கூட உபரி கிடையாது.

குதிரைக்குப் புல், பறவைக்கு வீடு

ஐரோப்பியர் வர்றதுக்கு முன்னாடி வடகிழக்கு அமெரிக்கா பெரும்பாலும் காடு. பாபோலிங்க்கோட பூர்வீகம் நடு அமெரிக்காவோட உயர்புல் வெளிகள். 1837ல ஜான் டீர் எஃகுக் கலப்பை செஞ்சார். அதுக்கப்புறம் ரெண்டு மூணு தலைமுறைக்குள்ள அந்தப் புல்வெளியெல்லாம் சோளமும் கோதுமையுமா மாறிப் போச்சு. இல்லினாய்ஸ், அயோவா மாநிலங்கள்ல பழைய புல்வெளியில இன்னைக்கு மிச்சம் இருக்கறது ஒரு சதவீதத்துக்கும் கீழே.

சொந்த ஊரை இழந்த பறவைக்குக் கிழக்கே புது ஊர் கிடைச்சுது. அங்க காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமும் புல் வயலும் ஆக்கிட்டாங்க. இங்க ஒரு விளக்கம். நம்ம வைக்கோல் நெல்லை அடிச்சுட்டு மிஞ்சற தாள். அவங்க ஊர்ல புல்லையே பயிரா வளர்த்து, அறுத்து, வெயில்ல காய வெச்சு, குளிர்காலத்துக்கு மாட்டுக்கும் குதிரைக்கும் சேமிக்கிறாங்க. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல அமெரிக்காவுல குதிரையும் கோவேறு கழுதையுமா ரெண்டு கோடிக்கு மேல இருந்துச்சு. நகரத்து வண்டிக் குதிரை வரைக்கும் எல்லாத்துக்கும் தீனி இந்தக் காய்ந்த புல்தான். ஏக்கர் ஏக்கரா புல் வயல். பாபோலிங்க்குக்கு ராஜபோகம்.

அந்தப் புல்லை எப்ப அறுப்பாங்க? நியூ இங்கிலாந்துல பழைய வழக்கம், ஜூலை 4 சுதந்திர தினம் கழிச்சு. ஏன்னா அறுத்த புல் காயணும், அதுக்கு நல்ல வெயில் வேணும், வேலை செய்யக் கைகளும் குதிரைகளும்தான். மேல போட்ட கணக்கோட இதைப் பொருத்திப் பாருங்க. ஜூலை முதல் வாரம் குஞ்சு பறக்குது, அதுக்கப்புறம் அரிவாள் இறங்குது. யாரும் பறவைக்காக அந்தத் தேதியைக் குறிக்கலை. தானா அமைஞ்சது. அந்த ஒரு பொருத்தத்துலதான் பல தலைமுறை பாபோலிங்க் பொழைச்சுது.

தேதி நகர்ந்தது

டிராக்டர் வந்தது, குதிரை போனது. குதிரை போனதும் புல் வயலோட பரப்பு சுருங்குச்சு. மிச்சம் இருந்த வயல் கறவை மாட்டுக்கானது. மாடு நிறைய பால் கறக்கணும்னா புல்லுல புரதம் இருக்கணும். பூத்து முத்தின புல்லுல புரதம் குறைஞ்சுடும். அதனால இளசா இருக்கறப்பவே அறுக்கணும். வெயிலுக்குக் காத்திருக்கிற கட்டாயமும் போச்சு. பச்சையாவே அறுத்து, காத்துப் புகாம மூடி, ஊறுகாய்ப்புல்லா ஆக்கிடற முறை பரவுச்சு. காற்றுள்ள போதே தூற்றிக்கொள்ன்னு நம்ம ஊர்ல சொல்ற மாதிரி, அவங்களும் வெயிலை எதிர்பார்த்துக் காத்திருந்தவங்கதான். இப்ப அந்தக் காத்திருப்பே தேவையில்லை.

விளைவு, முதல் அறுப்பு ஜூலையில இருந்து ஜூனுக்கு வந்தது. பல இடத்துல மே கடைசிக்கே வந்துடுச்சு. அதுக்கப்புறம் அஞ்சு, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அறுப்பு. அதாவது, சரியா பறவை அடை காக்கிற, குஞ்சு வளர்க்கிற வாரங்கள்ல.

1980கள்ல நியூயார்க் மாநிலத்துல எரிக் பொலிஞ்சரும் தாமஸ் கேவினும் இதை எண்ணிப் பார்த்தாங்க. 1990ல வெளியான அவங்க ஆய்வுப்படி, அறுப்பு இயந்திரம் போனதுலயே நேரடியா 51 சதவீத முட்டையும் குஞ்சும் அழிஞ்சுது. மிச்சத்தை விடுங்க, பொழைச்சிருக்கும்னுதானே நினைப்போம்? புல்லை வாரற இயந்திரம், கட்டு கட்டற இயந்திரம், மறைவு போனதும் வந்து பொறுக்கற காக்கா வகையறா, கூட்டைக் கைவிட்டுப் போற தாய்... எல்லாம் சேர்ந்து இழப்பு 94 சதவீதம் ஆயிடுச்சு.

வெர்மான்ட்ல சாம்ப்ளெயின் பள்ளத்தாக்குல நோவா பெர்லட், ஆலன் ஸ்ட்ராங் குழு செஞ்ச ஆய்வு 2006ல வந்தது. சீக்கிரம் அறுத்த வயல்கள்ல, அறுப்பு சமயத்துல இருந்த பாபோலிங்க் கூடுகள் நூத்துக்கு நூறு தோல்வி. அதே வயல்ல கூடு கட்டற சவானா குருவிக்கும் 99 சதவீதம் போச்சு. ஆனா ரெண்டும் அடுத்து செஞ்சது வேற. சவானா குருவி அங்கயே இருந்து மறுபடி கூடு கட்ட ஆரம்பிச்சுடுச்சு. பாபோலிங்க் வயலையே விட்டுப் போயிடுச்சு, குறைஞ்சது ரெண்டு வாரத்துக்குத் திரும்பலை.

இங்கதான் எனக்கு மனசு பிசையுது. பறவை எந்தத் தப்பும் பண்ணலை. மே மாசம் வந்து பார்க்குது. அகலமான வெளி, அடர்ந்த புல், நடு நடுவுல குளோவர். லட்சக்கணக்கான வருஷமா நல்ல இடம்னா இதுதான்னு அதுக்குத் தெரியும். ஜூன்ல அந்த வயல் மொட்டையாகும்னு மே மாசப் புல்லுல எந்த அடையாளமும் இல்லை. சூழலியல்ல இதைப் பொறின்னே சொல்றாங்க. இரை வெச்ச பொறி இல்லை, வீடு மாதிரியே இருக்கிற பொறி.

வில்லன் இல்லாத கதை

சரி, அறுக்காதேன்னு சட்டம் போட்டுடலாமே? இங்கதான் சிக்கல். வில்லன்னு கை காட்ட ஆள் இல்லை. பால் விலை அடிமட்டத்துக்குப் போற காலத்துல, புரதம் இல்லாத புல்லை அறுத்தா விவசாயி வெளியில தீனி வாங்கணும். ஏற்கெனவே கடன். அதை விட முக்கியம், அறுப்பையே நிறுத்தினா பறவைக்கு லாபமும் இல்லை. வடகிழக்குல நிலத்தைச் சும்மா விட்டா புதர் வரும், அப்புறம் மரம் வரும். ஒரு காலத்துல பெரும்பகுதி வெட்டவெளியா இருந்த வெர்மான்ட்ல இன்னைக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு காடு. மரம் வந்த இடத்துல பாபோலிங்க் இல்லை. விவசாயி தொழிலை விட்டாலும் பறவை போச்சு, ரொம்ப நல்லா தொழில் செஞ்சாலும் பறவை போச்சு. கூட்டை நசுக்கறதும் அதே கை, வயலைக் காடாகாம காப்பாத்தறதும் அதே கை.

அதனால பேச்சு 'அறுக்கலாமா கூடாதா'ங்கறதுல இருந்து 'எந்தத் தேதியில'ங்கறதுக்கு வந்தது. வெர்மான்ட் ஆய்வாளர்கள் சொன்ன யோசனை இது. மே கடைசிக்குள்ள முதல் அறுப்பை முடிச்சுடுங்க. புரதம் நிறைஞ்ச புல் உங்களுக்கு. அடுத்த அறுப்புக்கு 65 நாள் பொறுங்க. அதுக்குள்ள புல் மறுபடி வளர்ந்து, பறவை திரும்பி வந்து, கூடு கட்டி, முட்டையிட்டு, அடை காத்து, குஞ்சு பறக்கிற வரைக்கும் நாள் சரியா இருக்கும். 65 நாள்ங்கறது தோராயமா சொன்னதில்லை, கூட்டோட கணக்கைக் கூட்டி வந்த எண்.

பொறுக்கறதுல வர்ற நஷ்டத்தை யார் தாங்கறது? 2007ல ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஜேம்ஸ்டவுன்ங்கற தீவு ஊர்ல ஸ்டீபன் ஸ்வாலோங்கற பொருளாதார ஆய்வாளர் ஒரு சோதனை தொடங்கினார். ஊர்க்காரங்க பணம் போடுவாங்க, விவசாயி அறுப்பைத் தள்ளிப் போடுவார். பாபோலிங்க் திட்டம்னு பேரு. 2013ல அது வெர்மான்ட்டுக்குப் போச்சு. ஏக்கருக்கு எவ்வளவு கொடுத்தா தள்ளிப் போடுவேன்னு விவசாயிங்க விலை கேட்பாங்க, சேர்ந்த நன்கொடைக்கு ஏத்த மாதிரி வயல்களை எடுப்பாங்க. பின்னாடி மாசசூசெட்ஸ் ஆடுபான் மாதிரி அமைப்புகள் இதை எடுத்து நடத்தினாங்க. ஆயிரம் ரெண்டாயிரம் ஏக்கர்ல என்ன ஆகிடப் போகுதுன்னு கேட்கலாம். ஆனா கூடு ஜெயிச்ச வயலுக்கு அடுத்த வருஷமும் பாபோலிங்க் திரும்பி வரும். தென் அமெரிக்கா போயிட்டு, பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி, அதே வயலுக்கு. அதனால ஒரு வயலைக் காப்பாத்தினா அது அந்த ஒரு வருஷத்தோட முடியறதில்லை.

மொத்தக் கணக்கு இன்னும் கவலையாத்தான் இருக்கு. 2019ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு, 1970ல இருந்து வட அமெரிக்கா சுமார் 290 கோடி பறவைகளை இழந்துடுச்சுன்னு சொல்லுச்சு. வாழிட வாரியா பார்த்தா அதிக அடி புல்வெளிப் பறவைகளுக்கு. பாதிக்கு மேல போயாச்சு, 53 சதவீதம். கனடாவுல 2010ல பாபோலிங்க்கை அழிவு அபாயப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லி நிபுணர் குழு பரிந்துரை செஞ்சுது.

துப்பாக்கி காலத்துல செத்த பறவையை எண்ண முடிஞ்சுது. டஜன் கணக்குல கட்டி ரசீது போட்டு அனுப்பினாங்க. ஜூன் மாசத்து வயல்ல நசுங்கற முட்டைக்கு ரசீது கிடையாது. டிராக்டர் ஓட்டறவர் கண்ணுக்கே அது படாது. அவர் அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப, வயலுக்கு மேல ஆண் பறவை அப்பவும் பாடிக்கிட்டுதான் இருந்திருக்கும். எல்லாம் நல்லா இருக்குன்னுதான் அவருக்குத் தோணியிருக்கும்.

கொசுறு: ஒரே கூட்டுல இருக்கிற குஞ்சுகளுக்கு ஒரே அப்பான்னுதான் ரொம்ப காலம் நினைச்சுட்டு இருந்தாங்க. அதே கேவினும் பொலிஞ்சரும் 1985ல பாபோலிங்க் ரத்தத்துல இருந்த புரதங்களைச் சோதிச்சு, ஒரே ஈட்டுக் குஞ்சுகளுக்கு ஒண்ணுக்கு மேல அப்பா இருக்கறதைக் காட்டினாங்க. பறவைகளோட குடும்ப வாழ்க்கை பத்தின பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டதுல இந்தப் புல்வெளிப் பாடகனுக்கும் பங்கு உண்டு. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம் :-)